அக்னி மூலையில் நாலு விரல் சந்து

“ரசம்.”

“இதோ.”

“டம்ளர் நுழையலையே.”

“நேத்து நுழைஞ்சுதே! கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.”

“சாய்ச்சா கொட்டுது தமயந்தி.”

“அப்ப வாயை இங்க வைங்க. ஊத்தறேன்.”

ஏகாம்பரம் யோசித்தார். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், தன் வீட்டுச் சமையலறைச் சந்தில் வாயை வைத்து ரசம் குடிப்பது கௌரவமா என்பது யோசனை. பசி ஜெயித்தது. தமயந்தி உள்ளேயிருந்து கரண்டியால் ஊற்றினாள். அவருடைய முகத்தில் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் அவளுக்குத் தெரிந்தன.

“உப்பு கம்மி.”

“சந்துல வரும்போது குறைஞ்சிருக்கும்.”

பாலாற்றங்கரையில் இருந்த பனிமலர் நகரில் மத்தியானம் ஆனால் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். எல்லாம் பனிக்கல்லால் கட்டிய வீடுகள். பனிக்கல் என்றால் பனியும் இல்லை, கல்லும் இல்லை. கற்கண்டு மாதிரி ஒரு படிகம். ஆனால் கசக்கும். அதைத் தமயந்திக்குச் சொன்னவள் பின்வீட்டு மெஹருன்னிசா. அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே அனல் அடித்தாலும் பனிக்கல் வீட்டுக்குள் ஏசி போட்டது போல இருக்கும். சூட்டையெல்லாம் சுவரே விழுங்கிக்கொள்ளும். விழுங்கினால் ஒரு பக்கமாக நீளும், வெயில் தாழ்ந்தால் பழையபடி சுருங்கும். அது ஒன்றுதான் அதன் குணம். கட்டும்போதே கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், “எந்தப் பக்கம் நீளணும்?” என்று. வீடு வாங்கியவர்கள் அத்தனை பேரும் வாஸ்துக்காரரிடம் ஓடினார்கள். வீடு ஈசானியத்தை நோக்கி வளர்ந்தால் வம்சம் வளரும் என்றார் அவர். சுவரிலிருந்து தரை வரைக்கும் ஒவ்வொரு கல்லையும் வடகிழக்குப் பார்த்து அடுக்கினார்கள்.

ஒரு பக்கம் நீண்டால் இன்னொரு பக்கம் என்ன ஆகும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெயில் ஏற ஏற, வடகிழக்கில் இருந்த ஹால் கல்யாண மண்டபம் மாதிரி நீண்டது. தென்கிழக்கில், அக்னி மூலையில் இருந்த சமையலறை இறுகியது. உச்சிப்பொழுதில் சமையலறை வாசல் நாலு விரல் சந்து. உள்ளே இருக்கிறவள் உள்ளேதான். பின்வாசல் கிடையாது, பின்வாசல் இருந்தால் லட்சுமி அந்த வழியாகப் போய்விடுவாள் என்று அதையும் வைக்கவில்லை. மிச்சமிருந்தது கம்பி போட்ட ஒரு ஜன்னல்.

முதல் கோடையில் தமயந்தி கேட்டுப் பார்த்தாள்.

“அடுப்பை ஹாலுக்குக் கொண்டுவந்துடலாம்ங்க.”

“அக்னியை ஈசானியத்துல வைக்கறதா? குடும்பம் எரிஞ்சுபோகும்.”

“அப்ப காலையிலயே சமைச்சு வச்சிட்டு நானும் ஹாலுக்கு வந்துடறேன்.”

“வந்துட்டா? உள்ளேருந்து யாரு எடுத்துக் குடுப்பா? அந்தச் சந்துல யாரால நுழைய முடியும்?”

“யாராலயும் முடியாது.”

“அதான். யாராவது ஒருத்தர் உள்ள இருந்துதானே ஆகணும்?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தமயந்தி இரண்டு கோடைகளாக, அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே பக்கவாட்டில் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கோடையில் அவளுக்கு ஒரு அவசரம் வந்து சேர்ந்தது. மகள் கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்கூட்டர் வாசலில் நின்றது. முப்பது வருஷமாகப் புருஷன் முதுகைப் பார்த்தே ஊரைச் சுற்றியவளுக்கு, முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எல்.எல்.ஆர். எடுத்தாள். விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். ஆனால் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டும் டெஸ்ட், பெண்களுக்கு உச்சிவெயிலில்தான். இரண்டு தடவை தேதி வாங்கினாள். இரண்டு தடவையும் அந்த நேரத்தில் சந்துக்கு அந்தப் பக்கம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வரும் வியாழன் கடைசி வாய்ப்பு. அன்றோடு எல்.எல்.ஆர். காலாவதி.

“ஐம்பத்தெட்டு வயசுல லைசென்ஸ் வாங்கி எங்க போகப்போறே?” என்றார் ஏகாம்பரம்.

“போயிட்டு வந்து சொல்றேன்.”

அந்த வாரம்தான் கம்பெனியிலிருந்து ஜெபசிங் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். நாற்பது வயசு தாண்டிய மனிதர், கையில் சூடு பார்க்கும் கருவி. ஏகாம்பரத்தின் ஹாலில் சங்கத்தார் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். சுவரில் கருவியை வைத்தவர் முகம் மாறிப்போனது.

“சார், இந்த வருஷம் வெயில் ஒரு மாதிரி இருக்கு. கல்லு மாறிடும் போலிருக்கே.”

“மாறறதுன்னா? வெடிக்குமா?”

“வெடிக்காது. இந்தக் கல்லுக்குள்ள மாலிக்யூல் ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கறதோட கைகோத்து நிக்குது சார். ஹைட்ரஜன்தான் கை. கெட்டிப் பிடி கிடையாது. பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கற மாதிரி. கடை வாசல்ல இழுத்துச் சாத்தற இரும்பு கேட்டு போடறாங்க பார்த்திருக்கீங்களா? குறுக்கும் நெடுக்குமா பட்டை இருக்கும், இழுத்தா ஒரு பக்கம் நீளும், இன்னொரு பக்கம் குறையும். சூடு பட்டா உங்க சுவர் அதைத்தான் செய்யுது.”

“அது தெரிஞ்சதுதானே?”

“சூடு ஒரு அளவைத் தாண்டினா, பிடிச்ச கையை விட்டுட்டு வேற கையைப் பிடிச்சுக்கும். அப்புறம் கேட்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். சமையல்கட்டு விரியும். ஹால் சுருங்கும்.”

“சாயங்காலம் சரியாயிடும்ல?”

“ஆகாது சார். அது வேற உருவம். போனது போனதுதான்.”

சந்து வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த தமயந்தி வாயைச் சந்தில் வைத்தாள்.

“சார், சமையல்கட்டு விரியும்னா, கதவும் விரியுமா?”

ஜெபசிங் குரல் எங்கிருந்து வருகிறது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். “யாரு பேசறது?”

“அது என் வீட்டம்மா. நீங்க சொல்லுங்க.”

“கதவும்தான்மா விரியும். நூத்துக்குத் தொண்ணூறு.”

“மிச்சம் பத்து?”

“மிச்சம் பத்துல என்ன ஆகும்னு யாரும் பார்த்ததில்லம்மா. கதவு இப்ப எப்படி இருக்கோ அப்படியே நின்னுபோனாலும் போகும்.”

“ஒரு வீடு மாறினா மத்த வீடு?” என்றார் ஏகாம்பரம்.

“சுவரோட சுவர் ஒட்டியிருக்கே. சூடேறினாலும் கல்லு தானா மாறத் தயங்கும் சார். யார் முதல்ல கையை விடறதுன்னு ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நிக்கும். ஒரு கல்லு ஆரம்பிச்சா போதும், வரிசையா போயிடும். மாறின கல்லோட தூசி பட்டாலே போதும். இப்போதைக்கு ஒரே வழி, வெயில் நேரத்துல உள்ளேருந்து சூடு ஏத்தாதீங்க. அடுப்பு வேண்டாம்.”

ஏகாம்பரம் எழுந்து நின்றார். “நாளையிலேருந்து வெயில் இறங்கற வரைக்கும் எந்த வீட்லயும் அடுப்பு எரியக் கூடாது. தீர்மானம்.” எல்லாரும் கை தூக்கினார்கள்.

இரண்டு வருஷமாக நடக்காதது, ஹாலுக்கு ஆபத்து என்றதும் ஒரு நிமிஷத்தில் நடந்துவிட்டது. தமயந்தி மறுபடி சந்தில் வாயை வைத்தாள்.

“அப்ப நான் உள்ள இருக்க வேணாமே?”

“அடுப்பு வேணாம்னுதானே சொன்னாரு? எடுத்துக் குடுக்க ஆள் வேணாமா?”

“வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட்டுங்க.”

“வியாழக்கிழமை இங்க பொதுக்கூட்டம். ஹாலைக் காப்பாத்தறது எப்படின்னு பேச வரிசை பூரா வருது. வடைன்னு சொல்லிட்டேன். காலையிலயே சுட்டு வச்சிடு.”

மறுநாள் மத்தியானம் தமயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்சந்துக்கு அந்தப்புறம் மெஹருன்னிசாவின் ஜன்னல். அவளுக்கு நாற்பதுக்கு மேல் வயசு. புருஷனுக்கு ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் வேலை. மத்தியானம் சாப்பிட வருவார். அவளும் உள்ளேதான்.

“உனக்கென்னடி வாஸ்து?” என்று ஒருமுறை கேட்டதற்கு, “நாங்க பாக்கறதில்லக்கா. பில்டர் எங்களுக்கும் சேர்த்துப் பார்த்துட்டான்” என்றிருந்தாள்.

இன்றைக்கு அவள்தான் ஆரம்பித்தாள். “அக்கா, கோடி வீட்டு கனகம்மா மயங்கிட்டாங்களாம், தெரியுமா?”

“ஐயோ! விழுந்துட்டாளா?”

“விழ இடம் எங்க இருக்கு? நின்னுக்கிட்டே மயங்கியிருக்காங்க. சாயங்காலம் சுவர் விரிஞ்சப்பதான் விழுந்தாங்க. அதுவரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியல. கூப்பிட்டதுக்கு பதில் வரலன்னதும் கோவமா இருக்காங்கன்னு நினைச்சாங்களாம்.”

“இப்ப எப்படி இருக்கா?”

“ஆஸ்பத்திரியில. காலை நீட்டிப் படுத்திருக்காங்களாம். நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம்.”

தமயந்தி குரலைத் தாழ்த்தினாள்.

“வியாழக்கிழமை வடை சுடச் சொல்லியிருக்காரு.”

“காலையிலயா?”

“காலையிலதான் சொல்லியிருக்காரு.”

மெஹருன்னிசா கம்பிக்கு அருகில் வந்தாள். இன்ஜினியர் சொன்னது ஜன்னல் ஜன்னலாக எல்லாப் பெண்களுக்கும் அன்றே போய்ச் சேர்ந்திருந்தது.

“அக்கா, அந்தப் பத்து?”

“ம்.”

“அதுல மாட்டினா உள்ளயேதான். சுவரை இடிச்சுத்தான் எடுக்கணும். இடிச்சா வாரண்டி போயிடும்னு இவங்க யோசிப்பாங்க.”

“இப்ப மட்டும் என்ன வாழுதாம்?”

“இப்ப சாயங்காலம்னு ஒண்ணு இருக்கேக்கா.”

சாயங்காலம் என்பது சின்ன விஷயமில்லை. சந்து விரிந்து, முதல் காற்று முகத்தில் படும்போது அவளுக்கே அழுகை வரும். அதையும் பணயம் வைத்து எட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது? உளுந்தை ஊறவைக்கும்போதும் அதே கேள்வி. ஆட்டும்போதும் அதே கேள்வி. வியாழக்கிழமை விடிந்ததும் அடுப்படிக்குப் போனவள், மாவு நிறைந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடி வைத்தாள். எண்ணெயைத் தொடவில்லை. புடவையை மட்டும் வெளியே போகிற புடவையாகக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டையும் கைப்பையையும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

வெயில் ஏறியது. வாசல் இறுகியது. ஹாலில் நாற்காலிகள் நிரம்பின. ஏகாம்பரம் பேச எழுந்தார். “ஹால் என்பது நம் மானம்” என்று அவர் தொடங்கவும் உள்ளே சடசடவென்று எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

“தமயந்தி, என்ன வாசனை?”

“வடைங்க.”

“காலையிலதானே சுடச் சொன்னேன்!”

“ஆறின வடையை நீங்க தொட மாட்டீங்களே.”

“அடுப்பை அணை!”

“வந்து அணைங்க.”

ஏகாம்பரம் சந்துக்குள் கையை விட்டார். தோள்பட்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஐந்து விரலும் அடுப்பைத் தேடிக் காற்றில் துழாவின. தமயந்தி அந்த உள்ளங்கையில் சுடச்சுட ஒரு வடையை வைத்தாள். ‘ஆ!’ என்று கை வெளியே போனது.

“எப்படியிருக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“நல்லா… அதை விடுய்யா! வீட்டுக்குப் போய் உங்க வீட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க!”

பார்க்க என்ன இருக்கிறது? பின்சந்து முழுக்கப் பூரி வாசனை, அப்பள வாசனை, வாழைக்காய் பஜ்ஜி வாசனை. வரிசையில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை. எதிர் ஜன்னலில் புகைக்கு நடுவே மெஹருன்னிசா இருமிக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

தமயந்திக்கு முதுகில் அலமாரி சுட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. அப்போது சுவருக்குள் சத்தம் கேட்டது, கற்கண்டைக் கடைவாயில் போட்டுக் கடித்த மாதிரி. அவள் வாசலைப் பார்த்தாள். நாலு விரல் சந்து மூன்று விரலாகியது. இரண்டாகியது. வெளிச்சம் ஒரு நூல் அளவுக்கு இளைத்தது.

‘பத்தில்தான் மாட்டிக்கொண்டேன்’ என்று நினைத்தாள். கரண்டி கையிலிருந்து நழுவியது. அது கீழே விழக்கூட இடமில்லாமல் இடுப்பில் தங்கியது.

“ஏங்க!” என்றாள். எதற்குக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“தமயந்தி?” அந்தப் பக்கம் அவர் குரலும் பயந்துதான் இருந்தது.

பிறகு மடமடவென்று ஒரு சத்தம். தரை அவளுடைய காலுக்கடியில் விரித்த பாயை இழுப்பது போல இழுபட்டது. இடுப்பிலிருந்த கரண்டி டங்கென்று விழுந்தது. அலமாரி விலகியது. சுவர் விலகியது. வாசல் கோயில் கதவு மாதிரி அகன்றது. அந்த வழியாக ஏகாம்பரமும், அவருடைய சாய்வு நாற்காலியும், டிவியும், சங்கத்தார் அத்தனை பேரும், உட்கார்ந்த நாற்காலியோடு வரிசை கலையாமல் சமையலறைக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஹால் ஒரு கோடாகச் சுருங்கியது. அதற்கு அப்பால் இருந்த வாசற்கதவு கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த வீட்டில் மடமட. அதற்கடுத்த வீட்டில் மடமட. சத்தம் வரிசை முழுக்க நடந்து போனது.

முதலில் பேசியவர் பொருளாளர். “அம்மா, வந்ததுதான் வந்தோம், காபி கிடைக்குமா?”

தமயந்தி அடுப்பை அணைத்தாள். வாசல் வழியாகப் போக முடியாது. ஹாலே இப்போது சந்து. ஆனால் ஜன்னல் விரிந்த விரிப்பில் கம்பிச் சட்டம் கழன்று பின்சந்தில் விழுந்து கிடந்தது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பு மேடையில் ஏறினாள்.

“எங்க போறே?”

“எட்டுப் போட.”

“தென்கிழக்கு ஜன்னல் வழியா வெளிய போனா வீட்டுக்கு ஆகாது தமயந்தி!”

“அப்ப நீங்க வராதீங்க.”

அவர்கள் வரவில்லை. அத்தனை ஆண்களில் ஒருவரும் வரவில்லை. ஒருவர் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். மற்றவர்கள் வடையைப் பங்கு பிரித்தார்கள்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்தெருவுக்கு ஓடினால், தன் ஜன்னல் வழியாக இறங்கி வந்த மெஹருன்னிசா புர்காவெல்லாம் மாவாக ஸ்கூட்டர் அருகில் நிற்கிறாள்.

“நீ எங்கடி?”

“எல்.எல்.ஆர்.காரங்க தனியா ஓட்டக் கூடாதுக்கா. லைசென்ஸ் இருக்கறவங்க கூட வரணும். என்கிட்ட இருக்கு.”

“உனக்கு லைசென்ஸா? சொல்லவேயில்லையே!”

“காலேஜ்ல எடுத்தது. பீரோவிலதான் இருந்துச்சு.”

போக்குவரத்து அலுவலக மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தடியில் கிளம்பத் தயாராக நின்றார். “லேட்டும்மா.”

“வீடு இப்பத்தான் சார் திறந்துச்சு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன தோன்றியதோ, “சரி, போடுங்க. கால் ஊனக் கூடாது” என்றார்.

தமயந்தி போட்டாள். சின்ன வளைவு. பெரிய உடம்பு. ஆனால் கொதிக்கிற குழம்போடு அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு கோடை திரும்பியவளுக்கு, இந்த மைதானம் எதற்கு இத்தனை பெரிதாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. கால் ஊனவில்லை. கேட்டதற்கு மேல் இன்னொரு எட்டும் போட்டாள்.

“போதும்மா, பாஸ். கவுண்டர்ல பேப்பரைக் குடுத்துட்டுப் போங்க. இன்னிக்கே குடுத்துடுங்க, நாளைக்குன்னா செல்லாது.”

அலுவலகமும் பனிக்கல்தான். அங்கே வளர்ந்தது அதிகாரியின் அறை. இறுகியது கவுண்டர். சுவரில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. அதன் முன்னால் ஜனங்கள் முதுகை வளைத்து, ஒரு கண்ணை மூடி, காதைக் கொடுத்து நின்றார்கள். தமயந்தியின் முறை வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

“லஞ்ச். நாளைக்கு வாங்க.”

“இன்னியோட எல்.எல்.ஆர். முடியுதுங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ண?”

“ஒரு கையெழுத்துதானே சார்…”

“பேப்பர் இந்தச் சந்துல மடங்காம வரணும். மடங்கினா வாங்க மாட்டேன். நாளைக்குக் காலையில, குளிர்ச்சியா இருக்கும்போது வாங்க.”

போன் அடித்தது. ஏகாம்பரம்.

“தமயந்தி, வாஸ்துக்காரர் வந்தாரு. முன்வாசல் வழியாத்தான் வருவேன்னாரு.”

“வந்தாரா?”

“பாதி வந்திருக்காரு.”

அவள் போனை வைத்தாள். வெயிலில் வந்தது, வண்டி ஓட்டியது, பயந்தது எல்லாம் சேர்ந்து தலையைச் சுற்றியது. கவுண்டர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். சுவர் தோசைக்கல் மாதிரி தகித்தது. எடுத்த பிறகுதான் பார்த்தாள், சுவரில் அவளுடைய உள்ளங்கை அடையாளம், உளுந்து மாவும் வீட்டுச் சுவரின் வெள்ளைத் தூசியுமாக.

“அக்கா,” என்றாள் மெஹருன்னிசா மெதுவாக, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

கற்கண்டு கடிபடும் சத்தம்.

பிளவு ஒரு சாணாகியது. ஒரு முழமாகியது. சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த குமாஸ்தாவின் முகம் தெரிந்தது; பிறகு அவருடைய மேஜை, பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர், அதற்கும் பின்னால், சுருங்கும் அறையிலிருந்து நாற்காலியோடு வழுக்கி வெளியே வந்த அதிகாரி. அதுவரை யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்களும் யாரையும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முதுகை நிமிர்த்தினார்கள்.

குமாஸ்தா வாயிலிருந்த சோற்றை விழுங்கினார்.

“என்னம்மா வேணும்?”

“லைசென்ஸ்.”

பேப்பரை இரண்டு கையாலும் வாங்கினார். முத்திரை குத்தினார். கையெழுத்துப் போட்டார். “உட்காருங்களேன்” என்றுகூடச் சொன்னார். உட்கார நேரமில்லை.

வெளியே வந்து தமயந்தி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் ஏறப்போன மெஹருன்னிசா நின்று, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பூரி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் வெள்ளைத் தூசி.

“அக்கா, தாலுகா ஆபீஸும் இதே கல்லுதானே?”

தமயந்தி வானத்தைப் பார்த்தாள்.

“வெயில் இன்னும் இருக்கு. ஏறு.”